மூட்டைக்குள் இருக்கும் கூலி

அரிசிக் கடைகளில் 25 கிலோ சிப்பம் நின்ற இடத்தில் 26 கிலோ சிப்பம் வந்து நிற்பதைச் சில ஆண்டுகளாகவே பார்க்கிறோம். 2022 ஜூலை 18 முதல், பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகள் எல்லாவற்றுக்கும், பிராண்டு பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 5 சதவீத ஜிஎஸ்டி என்று ஆனது. 25 கிலோ வரைக்கும்தான் அந்த வரி. அதற்கு மேல் போனால் சில்லறைப் பொட்டலமாகக் கணக்கில் வராது, வரியும் கிடையாது. ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டி மூட்டை கட்டினார்கள். அரிசி அதே அரிசி, நெல் அதே நெல். அளவு ஒரு கிலோ மாறியதும் கிலோ விலை மாறிவிட்டது. பெரிய அளவில் வாங்கினால் மலிவு என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகக் கேட்டாக வேண்டும். கேட்காமல் வாங்குபவருக்கு மூட்டை சில நேரம் லாபம் தரும், சில நேரம் நஷ்டம் தரும், எது எப்போது என்பது மட்டும் தெரியாது.

வரியை விட்டுவிடுவோம். மற்றபடி மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் இடையே உள்ள வித்தியாசம் எதற்காக? ஒரு மளிகைக் கடைக்காரர் விருதுநகரிலிருந்தோ, மதுரை கீழமாசி வீதியிலிருந்தோ, சேலம் லீ பஜாரிலிருந்தோ பருப்பு மூட்டை எடுக்கிறார். அதற்குப் பணம் முடக்குகிறார். மூட்டையை ஈரம் படாமல், எலி கடிக்காமல், வண்டு விழாமல் வைத்துக் காப்பாற்றுகிறார். நாளை விலை இறங்கினால் அந்த இழப்பையும் சுமக்கிறார். பிறகு கால் கிலோ, அரைக் கிலோ என்று நிறுத்துக் கட்டித் தருகிறார். இந்த வேலைகளுக்கெல்லாம் சேர்த்துத்தான் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று வைத்து விற்கிறார். நாம் மூட்டையாக வாங்கும்போது இந்த வேலைகளை அவரிடமிருந்து நம் வீட்டுக்கு மாற்றிக்கொள்கிறோம். முதல் போடுவது, காவல் காப்பது, விலை இறங்கினால் தாங்குவது, பிரித்து வைப்பது எல்லாம் இனி நம் பொறுப்பு. தள்ளுபடி என்று நமக்குக் கிடைப்பது இந்த வேலைக்கான கூலிதான். இந்தக் கண்ணோடு பார்த்தால் மொத்தமாக வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்வி எளிதாகிவிடுகிறது: இந்தப் பொருளுக்கு அந்த வேலையை நம் வீடு ஒழுங்காகச் செய்யுமா? செய்தால் கூலி கட்டுமா?

முதலில் போட்ட முதல். இதைத்தான் பெரும்பாலான வீடுகள் கணக்கில் எடுப்பதே இல்லை. எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. கெட்டுப்போகாத பொருள்களுக்கு ஒரு வீட்டில் மாதம் 1,000 ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு 6,000. மொத்தமாக எடுத்தால் பத்து சதவீதம் குறைந்து 5,400. லாபம் 600 ரூபாய். முதல் மாதம் எப்படியும் 1,000 செலவழித்திருப்போம், ஆகவே கூடுதலாக முடங்குவது 4,400. மாதாமாதம் வாங்க வேண்டியிருந்த 1,000 மிச்சமாக மிச்சமாக அந்த முடக்கம் 3,400, 2,400 என்று இறங்கி ஐந்தாவது மாதத்தில் 400-க்கு வந்துவிடும். சராசரியாகப் பார்த்தால் 2,400 ரூபாயை ஐந்து மாதம் முடக்கி 600 ரூபாய் சம்பாதிக்கிறோம். ஆண்டுக் கணக்கில் இது 60 சதவீத வருமானம். எந்த வங்கியின் வைப்புத்தொகையும் இதன் பக்கத்தில் வராது. வீட்டில் சும்மா கிடக்கும் பணம் இருப்பவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான, இதைவிட நல்ல வருமானம் தரும் முதலீடு கிடைப்பது கடினம். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை, மேலே உள்ள எண்களைத் தாளில் எழுதிப் பார்க்கலாம்.

அதே கணக்கை, பணம் இல்லாமல் கடன் வாங்கி மூட்டை எடுப்பவருக்குப் போட்டுப் பார்ப்போம். நூற்றுக்குப் பத்து ரூபாய் மாத வட்டி என்றால், 2,400 ரூபாய்க்கு ஐந்து மாத வட்டி 1,200. லாபத்தைப் போல இரண்டு மடங்கு வட்டிக்கே போகும். கிரெடிட் கார்டில் எடுத்துவிட்டு முழுத்தொகையைக் கட்டாமல் இழுத்தால், மாதம் 3 சதவீதம் என்று வைத்தாலும் 360 ரூபாய் போய்விடும். தள்ளுபடி பத்து சதவீதமாக இல்லாமல் ஐந்து சதவீதமாக இருந்தால் அங்கேயும் நஷ்டம்தான். பெரிய கடைகளின் பண்டிகைக் கால விற்பனையில் வண்டி நிறைய அள்ளிக்கொண்டு போய் மாதத் தவணையாக அடைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறையாவது போட வேண்டும். மொத்தக் கொள்முதல் கையிருப்பில் உள்ள காசுக்கு மட்டுமே கூலி தரும். கடன் காசில் அந்தக் கூலி கடன் கொடுத்தவருக்குப் போகும்.

அடுத்தது காவல். அரிசி வண்டு எப்படி வருகிறது என்று தெரிந்தால் மூட்டையை எப்படி வைப்பது என்பதும் தெரிந்துவிடும். பெண் வண்டு அரிசி மணியில் ஊசி முனை அளவுக்குத் துளை போட்டு, உள்ளே ஒரு முட்டை வைத்து, துளையை அடைத்துவிடுகிறது. புழு மணிக்குள்ளேயே வளர்ந்து வண்டாகி வெளியே வரும்வரை கண்ணுக்கு எதுவும் தெரியாது. நம் வெயிலுக்கு இதற்கு ஒரு மாதம் சொச்சம் போதும். அதனால்தான் வாங்கும்போது முத்து முத்தாக இருந்த அரிசியில் இரண்டாவது மாதம் திடீரென்று வண்டு ஊர்கிறது. வெளியிலிருந்து வந்ததாக நினைப்போம், பெரும்பாலும் அது மூட்டையோடு வந்தது. துவரையும் பயறும் முழுசாக இருந்தால் பயறு வண்டு மேலேயே முட்டை ஒட்டும். தோல் நீக்கி உடைத்த பருப்பில் அதன் பாடு சிரமம். ஆகவே மொத்தமாக வாங்குவதற்கு முழுப் பயறைவிட உடைத்த பருப்பு ஏற்றது. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் இதற்கென்றே ஒரு எளிய பொறி செய்திருக்கிறது. துளைகள் போட்ட குழாய் அது. தானியத்துக்குள் செருகி வைத்தால், காற்றைத் தேடி வரும் பூச்சிகள் துளை வழியாக உள்ளே விழுந்து அடியில் உள்ள குடுவையில் சேர்ந்துவிடும். குடுவையைக் கழற்றிப் பார்த்தால் மூட்டையின் நிலைமை தெரிந்துவிடும், மூட்டையைக் கொட்டிக் கிளற வேண்டியதில்லை.

வண்டு விழுந்தால் புடைத்து, காயவைத்துச் சாப்பிட்டுவிடலாம். பூஞ்சணம் அப்படி இல்லை. ஈரத்தோடு கட்டி வைத்த நிலக்கடலையிலும் வற்றல் மிளகாயிலும் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. கழுவினாலும் வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுதாகப் போவதில்லை, நாளடைவில் ஈரலைப் பாதிக்கும். ஒரு வருஷ மிளகாய் எடுப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம்தான். மாசி, பங்குனியில் வரத்து கூடி விலை இறங்கும்போது வாங்கி, சுட்டெரிக்கும் வெயிலில் உடைந்து நொறுங்கும்வரை காயவைத்துத்தான் நம் பெரியவர்கள் பானையில் போட்டார்கள். புளியும் அதே பருவத்தில்தான் வரும், கொட்டை எடுத்து உப்புத் தடவி அடைப்பார்கள். அந்த மொட்டை மாடியும் அந்த வெயிலும் இல்லாத அடுக்குமாடி வீட்டில் அந்த வழக்கத்தில் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதாவது வாங்குவதை மட்டும் செய்துகொண்டு, காயவைப்பதை விட்டுவிட்டால் கூலியும் கிடைக்காது, உடம்பும் கெடும். எண்ணெயிலும் இதே எச்சரிக்கை தேவை. 15 லிட்டர் டின் திறந்துவிட்டால் காற்றும் வெளிச்சமும் படப்பட நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். பெரிய குடும்பமானால் அதற்குள் தீர்ந்துவிடும். இரண்டு பேர் உள்ள வீட்டில் தீராது.

வீணாவதைப் பற்றி ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும். பத்து சதவீதம் மலிவாக வாங்கிய பொருளில் பத்தில் ஒரு பங்கு வீணானால் லாபம் மொத்தமும் போய்விடுகிறது. 100 ரூபாய்ப் பொருளை 90-க்கு வாங்கி 90 ரூபாய் மதிப்புள்ளதைத்தான் பயன்படுத்தியிருப்போம். அதற்கு மேல் ஒரு பிடி வீணானாலும் நஷ்டம். இந்தச் சோதனையில் சமையலறைப் பொருள்களைவிட மற்ற வீட்டுப் பொருள்களே தெளிவாக வெல்கின்றன. குளியல் சோப்பும் சலவைச் சோப்பும் வைக்க வைக்க ஈரம் வற்றி இறுகும், தண்ணீரில் சீக்கிரம் கரையாது, இன்னும் சில நாள் கூடவே வரும். சலவைத்தூள் கட்டி பிடித்தாலும் நுரைக்கும். சானிட்டரி நாப்கின், பற்பசை, பாத்திரம் தேய்க்கும் சோப்பு, குப்பைப் பை இவற்றை வண்டு தொடாது. விதிவிலக்கு பிளீச்சிங் பவுடரும் பிளீச் திரவமும். நாளாக ஆக அவற்றிலுள்ள குளோரின் குறைந்துவிடும், மழைக்காலத்தில் தேவைப்படும் நேரத்தில் வெறும் வெள்ளைப் பொடிதான் மிஞ்சும்.

வீணாவது குப்பையில் மட்டும் இல்லை, வயிற்றிலும் நடக்கிறது. கையில் நிறைய இருந்தால் நிறையப் பயன்படுத்துவோம் என்பது வெறும் சந்தேகம் இல்லை. குசும் ஐலவாடி, ஸ்காட் நெஸ்லின் என்ற இரு ஆய்வாளர்கள் 1998-இல் அமெரிக்க வீடுகளின் கொள்முதலை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், சலுகை விலையில் கூடுதலாக வாங்கிய தயிர் வீட்டில் வேகமாகத் தீர்ந்ததைக் காட்டினார்கள். கெட்ச்அப்பில் அந்த வேகம் அவ்வளவாக இல்லை. நம் வீட்டுக்கு இதை அப்படியே பொருத்தலாம். மிக்சர், பிஸ்கட், குளிர்பானம், ஐஸ்கிரீம் எல்லாம் தயிர்ப் பக்கம். உப்பு, மிளகு, சோப்பு எல்லாம் மறுபக்கம். தீனியைக் குடும்பப் பொட்டலமாக வாங்கினால் கிராமுக்கு விலை குறையும், மாதச் செலவு கூடும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை.

இனி ஒரு மறுப்பு. பெரிய பொட்டலம் எப்போதும் கிலோவுக்கு மலிவு என்று எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. இந்தியாவில் இதற்குப் பெரிய எதிர்ச் சான்று ஷாம்புச் சாஷே. கடலூரில் சின்னிகிருஷ்ணன் சாஷேயில் அடைத்து விற்கும் வழியைத் தொடங்கிவைத்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்புவோடு அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்ற நாணயக் கணக்கில் கம்பெனிகள் போட்டி போட்டதில், பல பிராண்டுகளில் மில்லிக்கு விலை பாட்டிலைவிடச் சாஷேயில் குறைவாக இருக்கிறது. ஆகவே லேபிளைப் படிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அதற்குச் சட்டமும் இப்போது துணை நிற்கிறது. எடையளவுச் சட்டத்தின் பொட்டலப் பொருள் விதிகளில் 2021-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி அதிகபட்ச விலையோடு அலகு விலையையும் அச்சிட வேண்டும். இதில் ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராமுக்கு எவ்வளவு என்று போடுவார்கள், அதற்கு மேலான பொட்டலத்தில் கிலோவுக்கு எவ்வளவு என்று போடுவார்கள். 95 ரூபாய் விலையுள்ள அரைக் கிலோ பொட்டலத்தில் கிராமுக்கு 0.19 ரூபாய் என்று இருக்கும். 390 ரூபாய் விலையுள்ள இரண்டு கிலோ பொட்டலத்தில் கிலோவுக்கு 195 ரூபாய் என்று இருக்கும். முன்னதை ஆயிரத்தால் பெருக்கினால் 190. சின்னதுதான் மலிவு. அதே திருத்தம், இன்னின்ன பொருளை இன்னின்ன அளவில்தான் அடைக்க வேண்டும் என்ற பழைய கட்டாயத்தையும் எடுத்துவிட்டது. அதனால் அரைக் கிலோ போலத் தெரியும் பொட்டலத்தில் 450 கிராமும் இருக்கலாம். பொட்டலத்தின் பருமனைக் கண் நம்பும், எண்ணைக் கை பெருக்கித்தான் பார்க்க வேண்டும்.

விலை ஏறப்போகிறது என்று பயந்து சேர்ப்பதை நான் சேமிப்பில் சேர்க்க மாட்டேன். 2015 இறுதியில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. அதைப் பார்த்து விவசாயிகள் துவரையைக் கூடுதலாக விதைத்தார்கள், இறக்குமதியும் வந்தது, 2017-இல் சந்தை விலை குறைந்தபட்ச ஆதரவு விலைக்கும் கீழே போனது. உச்ச விலையில் பயந்து மூட்டை எடுத்தவர் இழந்தார். 2023 ஜூலை 20-இல் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்ட செய்தி வந்ததும் அமெரிக்காவில் உள்ள நம்மவர்கள் சோனா மசூரி மூட்டைகளுக்கு வரிசை கட்டினார்கள், கடைகள் குடும்பத்துக்கு ஒரு மூட்டைதான் என்று அளந்து கொடுத்தன. எல்லோரும் ஒரே நாளில் பாய்வதால்தான் விலை எகிறுகிறது. பருவத்தில் வரத்து மிகுந்து விலை இறங்கும்போது வாங்குவதும், பயத்தில் விலை ஏறும்போது வாங்குவதும் நேர் எதிரான காரியங்கள். முன்னதில் விலை இறங்கும் ஆபத்து குறைவு. பின்னதில் அதுதான் பெரிய ஆபத்து.

இன்னொரு மறுப்பு நியாயமானது. புடைப்பது, காயவைப்பது, டப்பா கழுவுவது, மாதம் ஒருமுறை மூட்டையைக் கிளறிப் பார்ப்பது எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில் விழுகிறது. கடைக்காரரின் வேலை வீட்டுக்கு மாறுகிறது என்று மேலே சொன்னேன். அந்த வேலை வீட்டில் யாருக்கு மாறுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆண் பெருமையாக மூட்டை இறக்கிவிட்டுப் போக, அதன் பின் வேலை மனைவிக்கோ அம்மாவுக்கோ என்றால், அந்த 600 ரூபாய் அவர்களுக்குச் சேராத கூலி. பொருள்களைத் தேர்ந்தெடுக்கும்போதே, பராமரிப்பு கேட்காத சோப்பும் சலவைத்தூளும் உடைத்த பருப்பும் உப்பும் முதலில் வரட்டும். மிளகாயும் மல்லியும் எடுப்பதென்றால் காயவைக்கும் நாளில் எல்லோரும் கை கொடுக்கட்டும். பக்கத்து அண்ணாச்சி கடை என்னாகும் என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு: மூட்டையை அவரிடமே கேளுங்கள். பிரித்துக் கட்டும் வேலை இல்லை, முழுப் பணமும் அன்றே கைக்கு வருகிறது என்றால் அவருக்கும் விலையைக் குறைக்க இடம் உண்டு. அவசரத்துக்குக் கடன் தருகிற உறவும் அறுபடாது.

கடைசியாக நிற்கும் கேள்விதான் மிகக் கனமானது. இந்தக் கூலி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே கிடைப்பதில்லை. தினக்கூலி வாங்குபவர் அன்றன்றைக்கு வாங்கித்தான் ஆக வேண்டும். 4,400 ரூபாயை முன்கூட்டியே போட அவரால் முடியாது. யெஷிம் ஓர்ஹுன், மைக் பலஸோலோ என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீடுகளின் ஏழாண்டுக் கொள்முதலை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். எடுத்துக்கொண்ட பொருள் கழிப்பறைக் காகிதம். எல்லோரும் பயன்படுத்துவது, கெடாதது, மலிவாக இருக்கிறதே என்று யாரும் கூடுதலாகச் செலவழிக்காதது. ஏழைக் குடும்பங்கள் பெரிய கட்டாக வாங்க முடியாமலும், சலுகை வரும்வரை காத்திருக்க முடியாமலும், தாளுக்குச் சுமார் 6 சதவீதம் கூடுதலாகக் கொடுத்திருந்தன. கையில் காசு வரும் மாதத் தொடக்கத்தில் அவர்களும் கூடுதல் சாமர்த்தியமாக வாங்கி, வசதியுள்ளவர்களை ஓரளவு நெருங்கினார்கள். சாமர்த்தியம் அவர்களுக்குக் குறைவில்லை, காசுதான் அந்த நேரத்தில் இல்லை. ஏழைகளுக்குச் சிக்கனம் தெரியவில்லை என்று சுலபமாகப் பேசுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

இதற்கு விடை புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் ஆளுக்குக் கொஞ்சம் முதல் போட்டு மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவர்த்தி என்று சில சாமான்களோடு கடை திறந்தார்கள். 1904-இல் சென்னை திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. காமதேனு, சிந்தாமணி, பாண்டியன் என்று ஊருக்கு ஒரு பெயரில் நாம் பார்க்கும் கூட்டுறவு அங்காடிகள் அந்த வழியில் வந்தவை. ரேஷன் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைப்பதற்குப் பின்னாலும் அரசின் மானியத்தோடு கோடிக்கணக்கான வீடுகளுக்காக ஒரே இடத்தில் வாங்கும் பலம் இருக்கிறது. 1989-இல் தருமபுரியில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்களில், பத்து இருபது பேர் சேர்ந்து மாதாமாதம் காசு போடும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் காசில் ஒரு பகுதியைச் சுழற்சியாகச் சாமான் வாங்க வைத்தால், தனியாளுக்கு எட்டாத கைமுதல் குழுவுக்கு எட்டும்.

மளிகைச் சீட்டும் தீபாவளிச் சீட்டும் இதைத்தானே செய்கின்றன என்று கேட்கலாம். செய்வதில்லை. அதில் பன்னிரண்டு மாதம் நாம் காசு கொடுக்கிறோம், சாமான் கடைசியில் வருகிறது. நம் பணத்தை வைத்து அத்தனை மாதமும் வியாபாரம் செய்வது சீட்டு நடத்துபவர். நடுவில் அவர் காணாமல் போனால் எல்லாம் போச்சு, அப்படிப் போன செய்திகள் ஒவ்வொரு தீபாவளிக்கும் வருகின்றன. சேர்ந்து வாங்குவதில் பணம் காலையில் கை மாறினால் சாமான் மாலையில் வீட்டில் இருக்க வேண்டும். உங்கள் தெருவில் பத்து வீடுகள் சேர்ந்து ஒரு 50 கிலோ துவரம்பருப்பு மூட்டையில் தொடங்குங்கள். வீட்டுக்கு 5 கிலோ, சுமார் இரண்டு மாதச் செலவு, வண்டு விழ அவகாசம் குறைவு, இடத்துக்கும் தட்டுப்பாடு வராது. பில்லை எல்லோருக்கும் காட்டுங்கள், தராசை நடுவில் வையுங்கள், கையில் காசு இல்லாத வீட்டுக்கு முதல் முறை மற்றவர்கள் போட்டு, அடுத்த கூலி நாளில் வட்டியில்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.